கழுத்தில் ஊசி, வாயில் கேள்வி

வாயை மூடிக்கொண்டிரு என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கேள்விகள் பொங்கி வரும். இந்தக் குணத்தால் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். ஆனால் கழுத்தில் ஊசி இருக்கும்போதே பேசியவன் எங்கள் ஊர் லிந்துலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை கட்டுமுன் தூளில் மாதிரி எடுப்பது என் வேலை. ஒருநாள் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி செல்வி, "ஏங்க, நீங்க முழுங்கும்போது கழுத்துல என்னமோ ஏறி எறங்குது" என்றாள். (அது குரல்வளை என்று விளக்கம் கொடுத்தேன். பெரிய அறிவாளி!) ஸ்கேன் எடுத்ததில் என் தைராய்டில் ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்று தெரிய, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து கவலையில் செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டொக்டர், ஹட்டன் ஊர்ப் பக்கத்துப் பெண். படுத்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"மிஸ், குத்துனா கேன்சர் பரவிடும்னு எங்க லயத்து வீடுகள்ல சொல்றாங்களே?"

"அது ரொம்ப ரொம்ப அபூர்வங்க. கொஞ்சம் வலிக்கும், ரத்தம் கட்டலாம், அவ்வளவுதான். ஊசி உள்ள இருக்கறப்ப மட்டும் பேசக்கூடாது, எச்சில் முழுங்கக்கூடாது."

ஊசி இறங்கியது. எனக்கோ வேறு கவலை. ஒரு மூட்டைத் தூளுக்கே நான் நாலு இடத்தில் மாதிரி எடுப்பேன். மனுஷன் கழுத்துக்கு ஒரே இடமா?

"ஒரே எடத்துலயா மிஸ் எடுக்குறீங்க?"

குரல்வளை துள்ளியது. ஊசி நழுவி, வந்ததெல்லாம் ரத்தம். டொக்டர் பெருமூச்சு விட்டு மறுபடி குத்தினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்கங்க மிஸ்" என்றேன். (ஊசி உள்ளேதான் இருந்தது.)

இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கையில், முடிவு சொல்லப் போதுமான உயிர்க்கலங்கள் இல்லை என்றிருந்தது.

"அப்ப ஒண்ணும் இல்லதானே மிஸ்?" என்று பல்லைக் காட்டினேன்.

"இல்லன்னு அர்த்தமில்லங்க. தெரியலன்னுதான் அர்த்தம். மறுபடி எடுக்கணும்."

செல்வி அங்கேயே அழுதுவிட்டாள். இன்னும் எத்தனை வாரம் அவள் அரைப்பட்டினி கிடக்க வேண்டும்? என் வாய் மீது எனக்கே ஆத்திரமாக வந்தது.

அடுத்த முறை டொக்டரிடம் அனுமதி கேட்டு, செல்வியும் உள்ளே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டாள். "வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான்" என்றாள். டொக்டர் மூன்று இடத்தில் குத்தினார். மூன்றாவதில் உயிரே போனது. அந்த நேரம் பார்த்து டொக்டர் மறந்துபோய், "வலிக்குதா?" என்று கேட்டார். நான் கல்லாகக் கிடந்தேன்.

"வலிக்கல மிஸ்" என்றாள் செல்வி.

கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தது. அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை.

"நிச்சயந்தானா மிஸ்?"

"பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். சில நேரம் கேன்சர் ஊசிக்குத் தப்புறதும் உண்டு. அதனால வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வந்துடுங்க."

அன்று பஸ் நிலையத்துக் கடையில் செல்வி இரண்டு பிளேட் கொத்து ரொட்டி சாப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு எனக்காகப் பதில் சொல்லும் உரிமை நிரந்தரமாக அவளிடம் போய்விட்டது. தம்பி சாப்பிட வந்தால், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அண்ணி, அண்ணனுக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வேணுமான்னு கேளுங்க" என்பான்.

"வேணாமாம்" என்பாள் செல்வி.

எனக்கு வேண்டும்.