நானா ஒழுகுகிறார்

"'நீ'ன்னா சொன்னீங்க, சிஸ்டர்? நானாவோட மூஞ்சியைப் பார்த்து 'நீ'ன்னா சொன்னீங்க?"

ஓபிரி அரண்மனை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அசுவாசோ ஊர்ச் சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவர். சாவுப் பதிவு எழுதும்போதுகூடக் கலங்காத மனிதர். இப்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"வேற என்ன சொல்றது? எதிர்ல இருக்கறவர் 'நீ'தானே?" என்றாள் மாவுசி.

மாவுசி புதிதாக வந்த மருத்துவச்சி. தேமா துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் ஈவே, பள்ளியில் ஆங்கிலம். இந்த ஊர் பேசும் ட்வி மொழியைச் சந்தையில் மீன் வாங்கக் கற்றிருந்தாள். மீன்காரிக்கு 'நீ' என்று சொன்னால் போதும். ஊர்த்தலைவர் நானா அம்போஃபோ மீன்காரி இல்லை.

"சரி, யாரைப் பார்த்துப் பேசினீங்க?"

"நானாவைப் பார்த்து. நடுவுல ஒரு காவலாள் தங்கப்பூண் போட்ட கோலோட மறைச்சுக்கிட்டு நின்னாரு. தலையைச் சாய்ச்சு எட்டிப் பார்த்துப் பேசினேன்."

ஓபிரி கண்களை மூடிக்கொண்டார்.

"அவர் காவலாள் இல்லை. ஒச்சாமே டோம்ஃபே. நானாவோட வாய், நானாவோட காது. அவர்கிட்டதான் பேசணும். அவர் எடுத்துச் சொன்னாத்தான் நானா காதுல விழுந்ததா அர்த்தம்."

"ஆறடி தூரத்துலதானே நானா உட்கார்ந்திருந்தாரு? அவருக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும். ஆனா கேக்கலை."

மாவுசிக்குத் தலை சுற்றியது.

அவள் கேட்கப் போனது சின்ன விஷயம். சுகாதார நிலையத்தின் கூரை சல்லடை. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. பிரசவக் கட்டிலை நாளுக்கு மூன்று முறை இடம் மாற்றுகிறாள். அரண்மனைக்குப் பின்னால், மதிலுக்குள், ஒரு பழைய கோகோ கிடங்கு காலியாகக் கிடக்கிறது. அதைக் கொடுத்தால் போதும்.

கொடுக்காவிட்டால்? மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் நனையாத கட்டடம் இல்லையென்றால் கட்டில், தடுப்பூசிப் பெட்டி, மருத்துவச்சி மூன்றும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்கு மாற்றப்படும். மழையில் அந்தச் சாலையில் ஆளேற்றும் டிரோட்ரோ வேன் போவதே சந்தேகம். அசுவாசோவில் பதினான்கு பெண்கள் நிறைமாதம்.

"நானா என்ன சொன்னாரு?" என்று கேட்டார் ஓபிரி. வாசலிலேயே நின்றுவிட்டதால் அவருக்குக் கேட்கவில்லை.

"ஒச்சாமே அவர் காதுல ரொம்ப நேரம் ஏதோ சொன்னாரு. அப்புறம் என்கிட்ட, 'அடுத்த வியாழன் வா'ன்னாரு."

"அப்படின்னா கோபம். கவலைப்படாதீங்க சிஸ்டர். ஒரு வாரம் இருக்கு. நான் சொல்லித் தர்றேன்."

கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மாலை, குழந்தைகள் எடை எழுதும் கரும்பலகையில் பாடம் நடந்தது.

"ட்வியில அவன், அவள்ங்கற பிரிவே கிடையாது. ஆம்பளை, பொம்பளை, ஆண்டவன், எல்லாருக்கும் ஒரே சொல், 'ஒனோ'."

"அப்பாடா. எங்க ஈவேலயும் ஒரே சொல்தான்."

"அப்புறம் என்ன? நானாவை 'அவர்'னு சொல்லுங்க, ஒச்சாமேவைப் பார்த்துக்கிட்டே. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. உயிரில்லாத பொருளுக்கு ட்வியில் வேறு சொல் உண்டு. ஈவேயில் ஆளுக்கும் அதே சொல், அண்டாவுக்கும் அதே சொல். இந்த மீதிப் பாதியை ஓபிரி சொல்லியிருப்பார். ஆனால் அதற்குள் ஒரு பிறப்புப் பதிவு வந்தது, எழுதப் போய்விட்டார்.

இரண்டாம் வியாழன். அசுவாசோவில் வியாழக்கிழமை யாரும் வயலில் இறங்கமாட்டார்கள்; அது மண்ணின் ஓய்வு நாள். முதல் வாரம் பன்னிரண்டு பெரியவர்கள் மட்டும் இருந்த முற்றத்தில் இப்போது அறுபது பேர்.

"ஏன் இவ்வளவு கூட்டம்?"

"எதிர்ப்பு வலுக்குது சிஸ்டர்" என்றார் ஓபிரி கிசுகிசுப்பாக. அவர் கையில் நானாவுக்குக் காணிக்கையாக ஒரு ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டில்.

மாவுசி செருப்பைக் கழற்றினாள். குனிந்து வணங்கினாள். கண்ணை ஒச்சாமேயின் மூக்கு நுனியில் நட்டாள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். 'கூரை' என்ற சொல் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பரவாயில்லை, அது இல்லாமலே புரியும் என்று மேலே போனாள்.

"ஒச்சாமே, நானாவுக்கு என் வணக்கம். அவருக்கு ரொம்ப வயசாயிடுச்சு. மழை வந்தா அவர் ஒழுகறார். தினமும் ராத்திரி அவருக்குக் கீழே வாளி வைக்கிறேன். போன வாரம் ஒரு குழந்தை மேலேயே ஒழுகிட்டார். ஒட்டுப்போட்டுப் பார்த்தாச்சு, பிரயோஜனம் இல்லை. அவரை மாத்தினாத்தான் ஊருக்கு நல்லது."



பின்வரிசையில் ஒரு பெண் வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். ஒச்சாமே டோம்ஃபே கோலை நெற்றியில் முட்டுக்கொடுத்து நின்றார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. பிறகு நானாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், பாட்டுப்போல ஏதோ சொன்னார். நானா வெளியே தெரியாமல் உதட்டைக் கடித்தார்.

"அடுத்த வியாழன் வா."

வெளியே வந்ததும் ஓபிரி வெடித்தார். "ஊர்த்தலைவரை ஆசனத்துலேர்ந்து இறக்கணும்னு அரண்மனைக்குள்ளேயே நின்னு சொல்லிட்டீங்க! அதுக்கும் மேல, ஒழுகறார்னு வேற!"

"நான் கூரையைச் சொன்னேன்!"

"கூரைக்கு 'அவர்' கிடையாது, சிஸ்டர்! கூரை 'அது'!"

"அதை முந்தியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலை."

மாவுசி பாட்டிலோடு வந்த வெறும் பையை அவர் மேல் எறிந்தாள்.

ஆனால் ஓபிரி சோர்கிற ஆள் இல்லை. மறுநாளே புதுத் திட்டத்தோடு வந்தார்.

"'அவர்'ல ஆபத்து, 'அது'ல அதைவிட ஆபத்து. நானாவை வாய் தவறி 'அது'ன்னுட்டா நான் ஊரைக் காலி பண்ணணும். அதனால ரெண்டுமே வேண்டாம். தேர்தல்ல ஓட்டுக் கேக்க வர்றவங்களைப் பாருங்க. எல்லாமே 'நாம்'தான். நாம் உழைப்போம், நாம் ஜெயிப்போம். யாருக்காவது கோபம் வருதா?"

"வராது."

"அப்ப 'நாம்'."

நல்ல யோசனைதான். ஆனால் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று பிரித்துச் சொல்ல ட்வியில் வழியில்லை. இரண்டுக்கும் ஒரே சொல். யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்பது கேட்கிறவர் பாடு.

மூன்றாம் வியாழன். முற்றத்தில் இடமில்லை. சாவு வீட்டுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திறங்கியிருந்தன. ஒருத்தி வறுத்த வேர்க்கடலை விற்றாள், இன்னொருத்தி வாழைக்காய் வறுவல். நானாவின் மூத்த மனைவி வழக்கத்துக்கு மாறாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மாவுசி ஆழமாக மூச்சிழுத்தாள்.

"ஒச்சாமே, நானாகிட்ட சொல்லுங்க. நாம் ரொம்பக் கஷ்டப்படறோம். நாம் எல்லாரும் ஒரே கட்டில்ல படுக்கறோம். போன வாரம் மட்டும் நாம் மூணு பிள்ளை பெத்திருக்கோம். இன்னும் பதினோரு பிள்ளை பெறணும். இப்படி நனைஞ்சுக்கிட்டே நாம் எவ்வளவு நாள் பெறுவோம்?"

மூத்த மனைவி மெல்லத் திரும்பி நானாவைப் பார்த்தார்.

நானா அம்போஃபோ, தன் பெரிய பட்டு மேலாடையைத் தூக்கி, முகத்தை முழுவதும் மூடிக்கொண்டார்.

ஒச்சாமே எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கோலை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, கண்ணைத் துடைத்தபடி, "அடுத்த வியாழன்" என்று மட்டும் சொன்னார்.

"மூஞ்சியை மூடிக்கிட்டாரு" என்றார் ஓபிரி, வழியெல்லாம். "பதினோரு வருஷத்துல நான் பார்த்ததே இல்லை. மூஞ்சியை மூடிக்கிட்டாரு."

"ஓபிரி அண்ணே, இனிமே உங்க பாடம் எனக்கு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பேசாம இருங்க."

செவ்வாய்க்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். கட்டிலைத் துடைத்துத் தயாராக வைக்கவும்.

அன்று மத்தியானம் கொனாடுவுக்கு வலி எடுத்தது. கருவாடு விற்கிறவள், அது நான்காவது பிரசவம். வெளியே மழை கொட்டியது. உள்ளேயும் கொட்டியது. மாவுசி ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு, மறு கையால் வாளியை நகர்த்திக்கொண்டு, தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

"கூரை பழசு. அவர் ஒழுகறார்..."

"ஐயோ அம்மா..." என்று பல்லைக் கடித்தாள் கொனாடு. "சிஸ்டர்... கூரைக்கு 'அவர்' இல்லை... 'அது'! 'அது' ஒழுகுது!"

"அது ஒழுகுது."

"ஆங்! பேச்சுல நானா வந்தா... அம்மாடி... 'அவர்'! 'நாம்'னு சொல்லவே சொல்லாதீங்க... 'இந்த ஊர்ப் பொண்ணுங்க'ன்னு சொல்லுங்க... அதுக்கு 'அவங்க'..."

"முக்கு! நல்லா முக்கு!"

"முக்கறேன்! நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க!"

மாவுசி முதலிலிருந்து சொன்னாள். கொனாடு முக்கினாள். மூன்றாவது முறை ஒரு பிழைகூட இல்லாமல் சொல்லி முடிக்கவும், குழந்தை அழவும் சரியாக இருந்தது. அடுத்த அறையில் காத்திருந்த கர்ப்பிணிகள் கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை.

நான்காம் வியாழன். மதில் மேலும் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தது. மாவுசி மதிலை ஏறிட்டுப் பார்த்தாள். இவ்வளவு பேருக்கு என் மேல் என்ன விரோதம்? இத்தனை பேர் முன்னால் ஒரு சொல் பிசகினால் நாளை லாரி. பத்துப் பெண்கள் ஆற்றைத் தாண்ட வேண்டும்.

அவள் ஒச்சாமேயைப் பார்த்தாள். நிதானமாகப் பேசினாள்.

"ஒச்சாமே, நானாவின் காதில் சேருங்கள். சுகாதார நிலையத்தின் கூரை பழசாகிவிட்டது. அது ஒழுகுகிறது. இந்த ஊர்ப் பெண்கள் அதற்குக் கீழே நனைந்தபடி பிள்ளை பெறுகிறார்கள். அவர்கள் நானாவின் மக்கள். அவர் மனம் வைத்து அந்தக் கிடங்கைக் கொடுத்தால், அவர்கள் நனையாமல் பிள்ளை பெறுவார்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்."

ஒரு பிழை இல்லை. ஓபிரியே வாய் பிளந்தார்.

ஆனால் முன்வரிசையில் ஒருவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். கடலைக்காரி தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மதில் மேலிருந்து ஒருவன், "அவ்வளவுதானா?" என்று கேட்டான். மூத்த மனைவி உதட்டைப் பிதுக்கினார். நானாவின் முகமே தொங்கிவிட்டது.

'முடிந்தது. சரியாகப் பேசியும் முடிந்தது' என்று நினைத்தாள் மாவுசி.

ஒச்சாமே நானாவின் காதில் இரண்டே வார்த்தை சொன்னார். இந்த முறை பாட்டு இல்லை, நீட்டல் இல்லை. நானா தலையை அசைத்தார்.

ஒச்சாமே கோலைத் தரையில் தட்டினார்.

"கடற்கரையிலிருந்து வந்த மகளே, நானா சொல்கிறார். கிடங்கு உன்னுடையது. இன்றைக்கே கட்டிலைக் கொண்டு போய்ப் போடு."

மாவுசிக்குக் காதில் விழுந்தது உள்ளே இறங்கச் சற்று நேரம் ஆனது. இறங்கியதும், அத்தனை பேர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓபிரி யாரோ முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் சாவியோடு வந்தார். முழங்கை வரை வெள்ளைப் பெயிண்ட், தலைமுடியிலும் வெள்ளைத் துளிகள். சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் பெயிண்டர் ஃப்ரெம்போங், சிஸ்டர். புதுத் தகரம் போட்டாச்சு, சுவரும் காஞ்சாச்சு. ஒரு சொட்டு உள்ளே இறங்காது."

"இவ்வளவும் எப்ப செஞ்சீங்க?"

"முதல் வியாழனே, நீங்க திரும்பிப் போக வாசலைத் தாண்டறதுக்குள்ள, நானா கிடங்கை உங்களுக்குக் கொடுத்துட்டாரு, வேலை முடிய மூணு வாரம் ஆகும்னேன், 'அதுவரைக்கும் அந்தப் பொண்ணை வாராவாரம் வரச் சொல்லுங்கப்பா'ன்னு ஊரே கேட்டுக்கிச்சு, நான் உள்ளே பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஒரு வாரம்கூடக் கேக்கலை, சிஸ்டர், எனக்காக ஒரே ஒரு தடவை தப்பாப் பேசிக் காட்டுங்களேன்!"