பஞ்சு வைத்த பரீட்சை

யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். மாட்டுங்காவில் ஒரு சபையின் ஆண்டு விழாவில் பெண் கல்வியைப் பற்றிப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காரியதரிசி கூட்டத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தார். கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தவர் பஞ்சாபகேசன் ஒருவர்தான். அவரை மேடையேற்றிவிட்டார்.

பஞ்சு நாற்பது நிமிஷம் பேசினார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரின் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் சரக்குச் சீட்டு எழுதிவரும் குமாஸ்தா அவர். அங்கே அவர் வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான். அன்றைக்கோ, "ஒவ்வொரு சமையலறையிலிருந்தும் ஒரு பட்டதாரி புறப்பட வேண்டும்" என்று மேஜையைத் தட்டி முடித்தபோது, பெண்கள் பக்கத்தில் எழுந்த கைதட்டல் கிங்ஸ் சர்க்கிள் டிராம் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அவருடைய சம்சாரம் ஜம்பகம். பஞ்சு அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மறுநாள் காப்பியை ஜாக்கிரதையாகக் குடித்திருப்பார்.

"ஏன்னா, நேத்திக்கு நன்னாப் பேசினேள்" என்றாள் ஜம்பகம், டம்ளரை வைத்துவிட்டு.

"ஏதோ வாயில வந்தது."

"பட்டதாரி ஆகணும்னா முதல்ல மெட்ரிக் பாஸ் பண்ணணுமாமே?"

"பின்னே? யூனிவர்சிடிக்கு அதுதானே வாசப்படி."

"அப்போ வர மார்ச்சில நான் எழுதறேன்."

காப்பி பஞ்சுவின் மூக்கு வழியாக வந்தது.

"ஜம்பு, நான் பொதுவாப் பேசினேன்."

"நான் பொதுவில சேர்த்தி இல்லையா?"

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி வேண்டியிருந்தது. முடியாது என்று சொல்லலாம். சொன்னால் ஜம்பகம் மாடியில் ஷ்யாமளாவிடம் சொல்வாள். ஷ்யாமளா கோயிலில் சொல்வாள். அப்புறம் சபைப் பக்கம் தலைகாட்ட முடியாது. காரியதரிசி வேறு அடுத்த மாதமும் பேசச் சொல்லியிருந்தார்.

சரி என்று சொல்லலாமென்றால் அதில் வேறொரு சிக்கல். பஞ்சு பாலக்காட்டில் ஸ்கூல் பைனல் எழுதியவர். எழுதியதோடு சரி. கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது. அதற்கப்புறம் அவரும் கணக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் அவருடைய மாமா, "பையன் பாஸ் பண்ணினவன்" என்று கூசாமல் சொல்லிவிட்டார். பஞ்சு மறுக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக மறுக்கவில்லை. இப்போது சம்சாரம் மெட்ரிக் பாஸ் செய்துவிட்டால், பெயிலானவர் வீட்டில் ஒருவர்தான் என்று ஆகிவிடும். அவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம், ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் அவருக்கு யோசனை பிறந்தது.

"ஜம்பு, திடீர்னு போய் எழுதினா பேர் கெட்டுப்போயிடும். நாலாம் பாரம் படிச்சு நிறுத்தினவ நீ. முதல்ல நானே வீட்டில ஒரு டெஸ்ட் வைக்கறேன். ஒவ்வொரு பாடத்திலயும் நாப்பது மார்க் வாங்கு. நானே கையைப் பிடிச்சுண்டு போய்ப் பேரைப் பதிஞ்சுட்டு வரேன்."

"நாப்பது போறுமா?"

"போறும்."

"என்னிக்கு வைக்கறேள்?"

"ரெண்டு மாசம் படி. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வைக்கறேன்."

"சரி" என்றாள் ஜம்பகம். அவ்வளவு சுருக்கமாக அவள் ஒப்புக்கொண்டதில் பஞ்சுவுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். திருப்திதான் வந்தது.

மாடியில் குடியிருந்த சந்திரமௌலி பக்கத்து ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். ஷ்யாமளாவின் புருஷன். இரண்டு மாதம் கழித்து பஞ்சு மாடியேறி அவரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"ஓய், உங்ககிட்ட கஷ்டமான கேள்வித்தாள் இருக்குமா?"

"எவ்வளவு கஷ்டம்?"

"எழுதறவா இனிமே பேனாவையே தொடப்படாது."

சந்திரமௌலி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஸ்கூல் டெஸ்ட் பேப்பரே தரேன். மெட்ரிக்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வைக்கறது. எங்க பசங்களே பாதிப் பேர் அதில விழுந்துடுவா. யாரு எழுதப் போறா?"

"ஜம்பு."

"பேஷ். திருத்தறது நீரா, நானா?"

"நீரே திருத்தும். எனக்கு ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடிக்கறது."

முதல் ஞாயிற்றுக்கிழமை கணக்கு. பஞ்சு கோட்டு போட்டுக்கொண்டார். கடிகாரத்தை அலமாரிமேல் வைத்தார். ஜம்பகத்தைக் கூடத்து மேஜையில் உட்காரவைத்து விதிகளை வாசித்தார். பேசக்கூடாது. திரும்பக்கூடாது. மூன்று மணி நேரம் முடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது.

கால் மணி நேரம் பரீட்சை ஹாலில் நடப்பதுபோல ஜன்னலுக்கும் கதவுக்குமாகக் கம்பீரமாக நடந்தார். அப்புறம் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

"ஜம்பு, பருப்பு."

ஜம்பகம் தலை நிமிராமல் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "எழுந்திருக்கக்கூடாது."

பஞ்சு கோட்டோடு சமையலறைக்குள் ஓடினார். பருப்பை இறக்கி, புளியைக் கரைத்து, கரைத்தது போதாதென்று மறுபடி கரைத்தார். அதற்குள் அவருடைய பெண்கள் இரண்டும் தலைவிரி கோலமாக வந்து நின்றன. மூத்தவள் சுப்புலக்ஷ்மிக்குப் பின்னிவிட்டார். பின்னல் பின்னங்கழுத்தில் தொடங்கி எப்படியோ காதுக்கு மேலே வந்து முடிந்தது. சின்னவள் விஜயலக்ஷ்மி அதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தலை வலிக்கிறது என்று வெளியே போய்விட்டாள்.

ஒரு மணிக்கு ஜம்பகம் பேனாவை மூடினாள். கோட்டெல்லாம் சாம்பார் தெறித்து நின்றவரிடம், சந்திரமௌலி கேள்வித்தாளோடு கொடுத்திருந்த விடைத்தாளை நீட்டினாள்.

"கீழே கையெழுத்துப் போடுங்கோ."

"நான் எதுக்கு?"

"'மேற்பார்வையாளர்'னு அச்சடிச்சிருக்கே. நீங்கதானே மேற்பார்வை பார்த்தேள்? இல்லேன்னா பரீட்சை மாதிரியே இருக்காது."

மேற்பார்வையாளர் என்ற சொல் பஞ்சுவுக்கு இனித்தது. கம்பெனியில் அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. முழுப் பெயரையும் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்து, தேதியும் எழுதினார். 'எவருடைய உதவியுமின்றி என் முன்னிலையில் எழுதப்பட்டது' என்று மேலே அச்சாகியிருந்ததையும் படித்தார். உண்மைதானே, உதவி தேவைப்பட்டது தனக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார். விடைத்தாளை அவரே மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை சந்திரமௌலி படிக்கட்டில் அவரை நிறுத்தினார்.

"எழுபத்தெட்டு ஓய்."

"நூத்துக்கா?"

"எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டா வைப்பேன்? நூத்துக்குத்தான்."

பஞ்சு படிக்கட்டிலேயே சற்று உட்கார்ந்தார். உள்ளே போனபோது முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"ஜம்பு, மனசைத் தேத்திக்கோ. முப்பத்தொண்ணு."

"அவ்வளவுதானா?"

"அதுவே சந்திரமௌலி நம்ம முகத்துக்காகப் போட்டது. போறும், விட்டுடலாமே?"

"ஒரு பேப்பர்ல போனா என்ன? அடுத்த ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் வையுங்கோ."

இங்கிலீஷில் அறுபத்தொன்பது. பஞ்சு முப்பத்துநாலு என்றார். அதற்கடுத்த வாரம் சரித்திரமும் பூகோளமும். எழுபத்திரண்டு. பஞ்சு நன்றாக யோசித்து, நம்பும்படியாக இருக்கட்டும் என்று முப்பத்தெட்டு என்றார். ஒவ்வொரு தடவையும் ஜம்பகம் பெருமூச்சு விட்டாள். அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த சாம்பாரைப் பெண்கள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டன. பின்னலும் கழுத்துப் பக்கம் வந்துவிட்டது. பெண் கல்வியால் வீட்டுக்கு நன்மை உண்டு என்று அவரே நம்பத் தொடங்கினார். பாஸ் செய்யாத வரைக்கும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பஞ்சு அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்தபோது தபால்காரர் ஒரு நீள உறையை நீட்டினார். மேலே 'ஜம்பகம் பஞ்சாபகேசன், ப்ரைவேட்' என்று இங்கிலீஷில் இருந்தது. உள்ளே மெட்ரிகுலேஷன் பரீட்சை எண்.

"ஜம்பு, இது யார் பதிஞ்சது?"

"நான்தான்."

"டெஸ்ட்ல மூணும் போயிடுத்தே."

"போகலையே. எழுபத்தெட்டு, அறுபத்தொம்பது, எழுபத்திரண்டு. ஷ்யாமளா அன்னன்னிக்கே சொல்லிடுவாளே."

பஞ்சு உறையை மேலும் கீழும் திருப்பினார்.

ஜம்பகம் அவர் கோட்டை வாங்கி மாட்டினாள். கோபமாக இருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"வெளியிலேர்ந்து எழுதறவா ஒரு ஸ்கூல்ல மூணு பேப்பர் டெஸ்ட் எழுதிக் காட்டணும்னு மாடி வாத்தியாரோட ஹெட்மாஸ்டர் சொன்னார். ஆம்பிளைப் பசங்க நடுவில போய் எப்படி உட்காரறதுன்னு கேட்டேன். பொறுப்பான மனுஷா யாராவது மேற்பார்வை பண்ணிக் கையெழுத்துப் போட்டா ஆத்திலயே எழுதலாம்னார். அதே சமயம் நீங்களும் டெஸ்ட் வைக்கறேன்னேள்."

"நான் கேட்ட கேள்வித்தாள்?"

"அது அந்த ஸ்கூல் டெஸ்ட்டேதான். கையெழுத்து நன்னா இருக்குன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாராம்."

"என் கையெழுத்தா?"

"ரெண்டு கோடு இழுத்தேளே, அது."

பஞ்சு நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம் மனசில் உறுத்தியதைக் கேட்டார். "நான் மார்க்கைக் குறைச்சுச் சொன்னேன்னு தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"முதல் பேப்பர்லயே பாஸ்னு சொல்லியிருந்தேள்னா, அடுத்ததை வைக்காம ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேள். பெயில்னு சொன்னதாலதானே நிம்மதியா மூணும் வெச்சேள்?"

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து அவளுக்காக ஒரு புதுப் பேனாவும், தனக்காகக் கால் சேர் பக்கோடாவும் வாங்கி வந்தார். ஒரு விஷயத்தில் அவருக்கு ஆறுதல். பாலக்காட்டுப் பத்தொன்பது மார்க் மட்டும் பாலக்காட்டோடு இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

மார்ச்சில் பரீட்சை. பஞ்சு மூன்று நாள் லீவு போட்டார். ரயிலில் அவளை அழைத்துக்கொண்டு போனார். வாசலில் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தார். நீலப் புடவையில், நெற்றியில் சிறு விபூதிக் கீற்றோடு, பள்ளிக்கூடப் பெண்களுக்கு நடுவே ஜம்பகம் உள்ளே போனாள். வாசற்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பஞ்சு கையை ஆட்டினார். பாஸாகட்டும் என்று அப்போதுதான் முதல்முறையாக மனசார நினைத்தார்.

வெளியே அரசமரத்தடியில் தகப்பனார்கள் கூட்டம். டிபன் கூடையோடு பஞ்சு ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவர், முரட்டு வேஷ்டி, கையெல்லாம் தோல் பதனிடும் கறை. தாராவி தோல் கிடங்கில் மேஸ்திரி, பெயர் நெல்லையப்பன் என்று அவரே சொன்னார்.

"எம் மவ பூமாரி உள்ள எழுதுதா. ஐயாவுக்கு யாரு? மவளா?"

"என் சம்சாரம்" என்றார் பஞ்சு. நெஞ்சு நிமிர்ந்தது. "வீட்டிலயே டெஸ்ட் வெச்சு, நான்தான் தயார் பண்ணினேன்."

"பெரிய காரியம்யா. எங்க வீட்ல அதுக்கெல்லாம் ஆளில்ல. மாட்டுங்கால மௌலி வாத்தியார் வீட்டு மாடியில, ஆறு மாசமா மத்தியானம் மத்தியானம் பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு அம்மா கணக்குச் சொல்லிக் குடுத்தாவ. அவுகளும் இன்னைக்கு எழுதுதாவ. ஜம்பம்மான்னு பேரு."

பஞ்சு டிபன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மத்தியானங்களில் அவர் கோட்டையில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"அவ... அவங்கதான் என் சம்சாரம்."

நெல்லையப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். "தெரியாமப் போச்சே. எம் மவ ராத்திரியெல்லாம் அவுக பேச்சுதான். ஒரு கணக்கு வரலன்னா பத்துத் தடவ சொல்லுவாவளாம், முகம் சுளிக்க மாட்டாவளாம். 'எனக்கு மந்தமான ஆளுககூட பழக்கம் இருக்கு, நீ பயப்படாத'ன்னு சொல்லுவாவளாம்."

"அப்படியா" என்றார் பஞ்சு.

"ஆமாய்யா. வீட்டுல ஒருத்தரு கணக்குல பத்தொம்பது மார்க்கு வாங்கி நின்னுட்டாராம். பாவம், வெளிய சொல்லக் கூச்சப்படுதாராம். இவுக பாஸாயிட்டு, அடுத்த வருசம் அவரக் கையப் புடிச்சு எழுத வச்சிரணும்னு இருக்காவளாம்." நெல்லையப்பன் பரிவோடு குனிந்து கேட்டார். "அது யாருய்யா, உங்க தம்பியா?"

பஞ்சு பரீட்சை ஹால் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார்.

"தம்பிதான்" என்றார்.