மூடி அண்ணனின் இரண்டாவது படம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நடுப்பகல் வெயிலை நம்பாத ஒரே மனிதர் மூடி அண்ணன்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலில், தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற நேரத்தில், "வெளிச்சம் பத்தாது லா" என்று சொல்லிக்கொண்டே கேமராவின் தலையில் ஃபிளாஷைப் பொருத்துவார். பளிச்சென்று ஒரு வெட்டு. எதிரே நின்றவருக்குக் கொஞ்ச நேரம் உலகம் முழுக்கப் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

அப்போதெல்லாம் அவருக்கு மூடி அண்ணன் என்று பெயர் இல்லை. பளிச் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இயற்பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் வேண்டும், நான் பார்த்ததில்லை. தொழில், கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. எல் எழுத்து ஒட்டிய அந்தச் சின்ன வெள்ளைக் காரில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் கிள்ளானில் இன்னும் பிறக்கவில்லை.

நாங்கள் ஒரு சிறு கூட்டம். சட்டைப் பையில் இருக்கிற போனே அழகழகாகப் படம் எடுக்கிற இந்தக் காலத்தில் பிலிம் ரோலைத் தேடி வாங்கி, எடுத்து, கழுவி, பாதி படம் சொதப்பி, "ஆனா அந்த மங்கல்லயும் ஒரு அழகு இருக்கு பாரேன்" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிற கூட்டம். ஞாயிறு காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் கூடுவோம். மேசை முழுக்கக் கேமராக்களைப் பரப்பிவிடுவோம். கடைக்காரர் தட்டுடன் வந்து நிற்பார். "பாஸ், இதையெல்லாம் எடுத்தாத்தான் தோசைய வைக்க முடியும். இல்லன்னா லென்ஸ் மேல சாம்பார ஊத்திருவேன்."

எங்கள் கேமராக்கள் ரேஞ்ச்பைண்டர் வகை. சின்ன உடம்பு, பட்டனை அழுத்தினால் இருமலை அடக்கிக்கொள்கிறாற்போல ஒரு மெல்லிய சத்தம். தெருவில் எவருக்கும் தெரியாமல் படம் எடுத்துவிட்டு நைசாக நகர்ந்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமைக்கு மேல் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஃபிளாஷை மாட்டிக்கொண்டு வந்தார் பளிச் அண்ணன்.

"அண்ணே, இது திருடன் ஹாரன் அடிச்சிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு," என்றேன்.

"நான் என்ன திருடனா? ஒருத்தர் மூஞ்சிய எடுத்தா அது அவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றார்.

நான் இன்னொரு தோசை சொன்னேன்.

அந்த ஃபிளாஷால் நடந்த அட்டகாசங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஷா ஆலம் போகிற சாலையில், மாணவியை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஏதோ மேகம் அழகாக இருக்கிறதென்று ஜன்னல் வழியாக ஒரு பளிச் விட்டார். மேகத்துக்கு எதற்கு ஃபிளாஷ் என்று கேட்கக் கூடாது. பின்னால் பறந்து வந்த கார்கள் எல்லாம் வேகத்தைப் பிடிக்கிற கேமரா என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தன. அதற்கப்புறம் ஷா ஆலம் வரைக்கும் எல்லாரும் ஊர்வலத்தில் போகிற மாதிரி அடக்கமாகப் போனார்களாம். "போலீஸ் செய்ய முடியாதத நான் செஞ்சேன் தம்பி," என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை ஒரு மாணவர் முதல்தடவையாகக் காரைக் கோணாமல் நிறுத்தினார். அந்த வெற்றியைப் பதிவு செய்ய அண்ணன் பளிச்சினார். பயந்துபோன மாணவர் எண்ணெய் மிதியை ஓங்கி அழுத்தினார். கார் பின்னாலிருந்த வாழை மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. படம் பிரமாதமாக வந்திருந்தது. மாணவர் வாயைத் திறந்திருந்தார், வாழை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

அண்ணனிடம் அசைக்க முடியாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு படம். கண்ணை மூடிவிட்டீர்களா, கொட்டாவி விட்டீர்களா, அது உங்கள் தலையெழுத்து. "ரெண்டாவது படத்துல மனுஷன் நடிக்க ஆரம்பிச்சிடறான் லா," என்பார். நான் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன். என் படத்தில் பல்லிடுக்கில் கறிவேப்பிலை இருந்தது. "கறிவேப்பில நடிக்கல தம்பி. அது உண்மை," என்று முடித்துவிட்டார்.

இப்போது மூடி விஷயத்துக்கு வருகிறேன். மற்ற கேமராக்களில் லென்ஸ் வழியாகவே பார்ப்போம். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால் கும்மிருட்டு. உடனே தெரிந்துவிடும். எங்கள் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் தனியாக, ஓரமாக இருக்கிறது. லென்ஸில் மூடி இருந்தாலும் ஜன்னலில் உலகம் பளபளவென்று தெரியும். நாமும் ஆகா ஓகோ என்று எடுத்துத் தள்ளுவோம். ரோலைக் கழுவிப் பார்த்தால் ஒன்றும் விழுந்திருக்காது. எங்கள் கூட்டத்தில் இதைச் செய்யாதவர் யாருமில்லை, பளிச் அண்ணனைத் தவிர. அவர் மூடியே வைத்துக்கொள்வதில்லை.

அதனால் அவரே நீதிபதி. மூடியோடு படம் எடுத்தவர் அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் தோசை வாங்கித் தர வேண்டும். குற்றம் செய்த மூடியை அண்ணன் பறிமுதல் செய்து, கார்க் கண்ணாடியில் கோத்துத் தொங்கவிடுவார். எலுமிச்சம்பழம் தொங்க வேண்டிய இடத்தில் எங்கள் மானம் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் மூடியும் அதில் உண்டு. என் மகள் நகப்பூச்சால் அதில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கூட்டத்துக் கமலாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வெய் லூன், காப்பார் ஊர்க்காரன், எங்களுக்கெல்லாம் படம் கழுவித் தருகிற சீனப் பையன். இருட்டறையில் வளர்ந்த காதல் என்று நாங்கள் கேலி செய்வோம். கமலாவின் அம்மாவுக்கு அது கேலியாக இல்லை. ஜெஞ்சாரோமில் தனியாக இருக்கிற அந்த அம்மா, மகளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

கமலா எங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. "அம்மா வந்து ஒரு வாய் எங்ககூட உக்காந்து சாப்பிட்டா போதும். அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்," என்றாள். அதைச் சொன்னபோது அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

ஷா ஆலத்தில் பதிவு முடிந்து, கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் விருந்து. பிலிம் பைத்தியங்களின் கல்யாணம் அல்லவா? போனில் யாரும் படம் எடுக்கக் கூடாதென்று எல்லாப் போன்களையும் வாங்கி அண்ணனின் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. ஆளாளுக்குக் கேமராவைத் தூக்கினால் சாப்பிட ஆள் இருக்காது என்பதால் ஒரே கேமரா, ஒரே படக்காரர், பளிச் அண்ணன். மணமக்களுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு. விருந்தாளிக்கு வழக்கம்போல ஒன்றுதான்.

இலை போடுகிற நேரத்தில் அம்மா வந்துவிட்டார். கமலா ஓடினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நான் உக்கார வரல. வந்தேன்னு ஒரு படம் இருந்தா போதும். தாமான்ல அக்கம்பக்கத்துல நாலு பேரு கேட்டா காட்டணும். கார் கீழ நிக்குது."

மணமக்கள் பக்கத்தில், ஒரு ஆள் புகுந்து போகிற இடைவெளி விட்டு நின்றார். பளிச். அவ்வளவுதான். திரும்பிப் படியிறங்க ஆரம்பித்தார். கமலா அழவில்லை. அழாமல் நின்றதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஃபிளாஷுக்குப் பேட்டரி எடுத்துட்டு வரேன்," என்று அண்ணன் அந்த அம்மாவை முந்திக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கினார். இந்த நேரத்தில் பேட்டரி ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டிலிருந்து ஒரு அலறல்.

"அலாமாக்! அம்மா, நில்லுங்க! போயிடாதீங்க!"

எட்டிப் பார்த்தோம். அண்ணன் பாதிப் படியில், அந்த அம்மாவுக்கு எதிரே, கேமராவை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். லென்ஸ்மேல் மூடி.

"படம் விழல மா. மூடியக் கழட்ட மறந்துட்டேன். வெளிச்சம் மட்டும்தான் வந்துச்சு."

"அப்போ நான் வந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் அம்மா.

"ஒண்ணும் இல்ல மா. யாரு கேட்டாலும் நீங்க வரலன்னுதான் ஆகும்."

"என்னய்யா படக்காரன் நீ!"

"திட்டுங்க மா. மேல வந்து உக்காந்து திட்டுங்க. கார அனுப்பிடறேன், நானே வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

எங்கள் கூட்டத்துக்கு வாயெல்லாம் பல். மகாநீதிபதி மாட்டிக்கொண்டார்! கல்யாணம் என்பதையே மறந்து ஒருவன் கைகூடத் தட்டிவிட்டான். அந்த மூடியில் சிவப்பாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

அம்மா திரும்பி வந்தார். ஆனால் ஃபிளாஷ் தயாராகவில்லை. "சார்ஜ் ஏறுது மா, பழைய சாமான், கொஞ்சம் உக்காருங்க," என்றார் அண்ணன். உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முன்னால் இலை விழுந்தது. ஃபிளாஷ் ஏறவில்லை. சோறு வந்தது. ஃபிளாஷ் ஏறவில்லை. வெய் லூன் மனப்பாடம் செய்து வைத்திருந்த தமிழில், "வாங்க அம்மா, சாப்பிடுங்க," என்று ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவசரத்தில் சோற்றை விட்டுவிட்டு ஜாங்கிரிமேல் ஊற்றினான்.

"ஐயோ ஐயோ! ஜாங்கிரிக்கு ரசம் ஊத்தறியே!" அம்மா வாளியைப் பிடுங்கினார். "குடு இப்படி. உனக்கு யாரு பரிமாற சொன்னது? உக்காரு. நீ சாப்பிட்டியா?"

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. உட்கார்ந்தான். அம்மா அவன் இலையில் சோற்றை வைத்து, ரசத்தை ஊற்றி, ஊறிப்போன ஜாங்கிரியைப் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். கமலா அந்தச் சிரிப்பின்மேல் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

பளிச்.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் எல்லாருக்கும் தோசை வாங்கித் தந்தார். நெய் ரோஸ்ட்டாகப் பார்த்துத் தின்றோம். பளிச் என்ற பெயரை நீக்கி மூடி அண்ணன் என்று பெயர் சூட்டினோம். ஒன்றும் விழாத அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையிலேயே மாட்டுவதென்றும் தீர்மானம் போட்டோம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்த ரோலை என் கையில் கொடுத்தார். "மாப்பிள்ளையே தன் கல்யாண ரோலக் கழுவினா நல்லாருக்காது. நீ வீட்டுல கழுவிரு தம்பி."

கழுவிக் குளியலறையில் தொங்கவிட்டேன். மூடியோடு எடுத்த படம் நெகட்டிவில் வெறும் கண்ணாடியாகத் தெளிவாக இருக்கும். அதைத்தான் ஆவலாகத் தேடினேன். அப்படி ஒரு படமே இல்லை.

அந்த அம்மா ரோலில் இரண்டு முறை விழுந்திருந்தார். இரண்டாவதில் இலைக்கு முன்னால் சிரிக்கிறார். முதலாவதில் இடைவெளி விட்டு நிற்கிறார், முகம் வாசலைப் பார்க்கிறது, கமலா கேமராவைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அருமையான வெளிச்சம். ஒரு குறையும் இல்லாத படம்.

அண்ணன் படியிறங்கிப் போனது பேட்டரிக்கல்ல. கார்க் கண்ணாடியில் தொங்கின கொத்திலிருந்து என் மூடியைக் கழற்றி லென்ஸில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அவர் காரில் ஏறினேன். மூடிக் கொத்தில் சிவப்புப் பொட்டு ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணே, முதல் படம்..." என்று ஆரம்பித்தேன்.

"சீட் பெல்ட்டப் போடு," என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சட்டம் போட்டு மாட்ட வெறும் கண்ணாடிப் படம்தானே வேண்டும்? என்னுடைய ரோல்களில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். அது இன்றைக்கும் கடைச் சுவரில் அவர் பெயரில் தொங்குகிறது. ஜெஞ்சாரோம் அம்மா இப்போது பாதி ஞாயிறுகளில் மகள், மருமகனோடு தோசை சாப்பிட வந்துவிடுகிறார். வந்ததும் முதல் கேள்வி, "என்ன தம்பி, இன்னைக்காவது மூடியத் தொறந்தியா?" அண்ணன் லென்ஸைத் திருப்பிக் காட்டுவார். கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும், வெளியே காட்டிக்கொள்ளாமல் நானும் கூடச் சேர்ந்து கேலி செய்வேன்.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"எழுதிக்க லா. இனிமே தெரிஞ்சாலும் அந்த அம்மா எந்திரிச்சுப் போக மாட்டாங்க." பிறகு ஃபிளாஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா அந்த முதல் படத்த மட்டும் போட்டுறாத. அதுல அவங்க முகம் நல்லா விழல."