கிணற்றுக்கு மேலே மூத்த மருமகன்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் கட்டிய கையோடு ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டில் போய் இறங்கிவிட வேண்டும். வேறு ஊர்களில் இப்படி இருக்கிறவனுக்கு ஏதோ கேலிப் பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை.

ஆகவே, கிரானுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீடு என் மனைவி வதனாவின் வீடு. கிணறு அவளுடையது. கிணற்றடித் தென்னை அவளுடையது. நான் சாய்ந்து உட்காரும் சுவரும் அவளுடையதுதான் (சண்டை வந்தால் இதை ஞாபகப்படுத்துவாள்). வயல் காணியை மாமி தன் இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாக எழுதி முடித்துவிட்டார். யாருக்கென்று இன்னும் முடிவாகாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அது மிசின்.

மிசின் என்றால் உழவு மிசின். சின்ன ரகம், நாலு சில்லு, முன்னால் மண் அள்ளும் பக்கெட் பூட்டியது. வதனாவின் அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. அவர் போன பிறகு அதை ஓட்டியது இரண்டு பேர். ஒன்று நான். மற்றது வதனாவின் தங்கை டிலானி. அவள் கிழமை நாட்களில் பிரதேச செயலகத்தில் கணினிக்கு முன்னால் இருப்பாள், சனிக்கிழமை மிசினில் இருப்பாள். அவளுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியதும் மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மிசினப் பாக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் மிசின். அது ஆரெண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

எனக்கு அந்த மிசின் வேண்டும். இதைச் சொல்ல வெட்கமில்லை. எட்டு வருடம் மனைவி வீட்டில் இருந்தவனுக்கு, 'இது என்னுடையது' என்று கை வைக்க ஒரு இரும்பாவது வேண்டாமா? அன்றிலிருந்து மிசினை நான்தான் கழுவினேன், நான்தான் கிரீஸ் போட்டேன். மாமி முற்றத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் போட்டேன்.

டிலானிக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாள் முன்னதாக, முற்றத்து மண்ணை மட்டப்படுத்துகிறேன் என்று மிசினை மாமரத்துக்கு அடியால் விட்டேன். கிளை ஒன்று பக்கெட் லீவரைப் பிடித்துக்கொண்டது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் லீவர் முறிந்து, தன்னோடு சேர்ந்த கேபிளையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. (கிளையில்தான் பிழை என்று இன்றும் சொல்வேன்.)

அந்த லீவரின் வேலை மிகச் சுலபம். பின்னால் இழுத்தால் பக்கெட் மேலே ஏறும், முன்னால் தள்ளினால் கீழே இறங்கும். லீவரிலிருந்து தடித்த கேபிள் ஒன்று மிசினின் அடியிலுள்ள இரும்புப் பெட்டிக்குப் போகிறது. பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கேபிள் அந்தத் தண்டை இழுத்தால் ஒயில் ஒரு பக்கம் பாயும், தள்ளினால் மறுபக்கம் பாயும். இவ்வளவுதான் சங்கதி. மிசினைக் கண்ணால் காணாத உங்களுக்கே விளங்கிவிட்டது, எனக்கு விளங்காமல் இருக்குமா?

"டவுனில இருந்து மெக்கானிக் ஒராளக் கூப்பிடுவமா தம்பி?" என்றார் மாமி.

"என்னத்துக்கு மாமி? நான் இருக்கன்தானே."

முறிந்த லீவரின் இரண்டு துண்டையும் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். இந்தப் பகுதியை இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. கேபிள்தான் சிக்கல். கடையில் கேட்டால், கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். என் மோட்டார் சைக்கிள் ஒன்றும் அறியாத பிள்ளைபோல நின்றது. அதன் கிளச் வயரைக் கழற்றி மிசினில் பூட்டினேன்.

வேலையால் வந்த டிலானி, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள்.

"அத்தான், இது கிளச் வயர்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"இது இழுக்கும். தள்ளாது. பழசப் பாருங்க, என்ன தடிப்பு. தள்ளவும் வேணும் எண்டுதானே அப்பிடிச் செஞ்சிருக்காங்க. கயித்தப் போட்டு மாட்ட இழுக்கலாம் அத்தான், கயித்தால மாட்டத் தள்ள ஏலுமா?"

இதற்கு நான் சொன்ன பதிலை எழுத இப்போதும் கை கூசுகிறது. "நீ போய் முகத்துக்கு மஞ்சளப் பூசு. ஞாயித்துக்கிழமை ஆக்கள் வாறாங்க," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். மிசினை ஸ்டார்ட் செய்யாமலே நான் லீவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். முன்னால் தள்ளும்போது ஒரு தடையும் இல்லாமல் அவ்வளவு இலேசாகப் போனது. என் கைத்திறமையால்தான் இவ்வளவு இலேசு என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டார்ட் செய்து சோதித்துப் பார்க்கிற எண்ணமே வரவில்லை. தான் திருத்தியதைச் சந்தேகப்படுவது, திருத்தத் தெரியாதவர்களின் பழக்கம்.

ஞாயிறு காலை மாமி கிணற்றடித் தென்னையை அண்ணாந்து பார்த்தார். காய்ந்த ஓலை ஒன்று விழவா விடவா என்று தொங்கியது.

"அந்தக் காவோலை வாற ஆக்கள்ர தலையில விழுந்தா என்ன கதை? பக்கத்து வீட்டில ஏணி கேட்டு வாங்க தம்பி."

"ஏணியா? மிசின் இருக்கு மாமி."

இந்தச் சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் எட்டு வருடம் காத்திருந்தேன். மிசினை ஸ்டார்ட் செய்து, லீவரை இழுத்துப் பக்கெட்டைக் கிணற்றுக்கட்டு உயரத்துக்கு ஏற்றினேன். சொன்னபடி ஏறியது. மரம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் என்பதால், பக்கெட் கிணற்று வாய்க்கு நேர் மேலே வரும்வரை மிசினை முன்னால் விட்டேன். பிறகு வதனாவை இருக்கையில் இருத்தி, "நான் சொல்லேக்க இத இழு, சொல்லேக்க தள்ளு. வேற ஒண்டிலயும் கை வைக்காத," என்று பாடம் நடத்தினேன். கத்தியோடு கிணற்றுக்கட்டில் ஏறி, அங்கிருந்து பக்கெட்டுக்குள் கால் வைத்தேன்.

"இழு!"

ஏறினேன். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு ஆட்டமில்லாமல், நேராக ஏறினேன். ஒரே வெட்டில் காவோலை விழுந்தது. கீழே மாமி கைதட்டியே விட்டார். "கெட்டிக்காரன்தான்!" என்றார். அந்த நிமிடத்தில் மிசின் என்னுடையதாகிவிட்டது.

"இப்ப தள்ளு."

வதனா தள்ளினாள். பக்கெட் அசையவில்லை.

"நல்லாத் தள்ளு!"

"முழுக்கத் தள்ளிட்டன்."

"அப்ப ஒருக்கா இழுத்துப்போட்டுத் தள்ளு."

இழுத்தாள். நான் ஒரு சாண் உயர்ந்தேன். தள்ளினாள். அங்கேயே நின்றேன். என் பேச்சைக் கேட்டு அவள் நாலு தரம் இழுத்துத் தள்ளியதில், ஒவ்வொரு தரமும் உயர்ந்து, குரும்பைக் குலை என் தோளில் இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

"டிலானியக் கூப்பிடவா?"

"வேணாம்!"

பதற்றத்தில் அவள் லீவரைப் பக்கவாட்டில் தட்டிவிட்டாள். பக்கவாட்டில் தட்டினால் பக்கெட் கவிழும். அதற்கு வேறு கேபிள், அதில் ஒரு கீறலும் இல்லை. பக்கெட் முன்னால் சரிந்தது. கிணற்றின் அடியில் என் முகம் என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் வதனா லீவரை மறுபக்கம் இழுத்து என்னை நிமிர்த்திவிட்டு, மிசினையும் நிற்பாட்டிவிட்டாள். நிற்பாட்டினாலும் பக்கெட் இறங்கவில்லை. மிக நல்ல மிசின்.

பக்கெட்டைத் தாங்கும் இரும்பைப் பிடித்து மிசின் பக்கமாக இறங்கிவிடலாம் என்று ஒரு காலை வெளியே போட்டேன். சாறம் பக்கெட்டின் விளிம்பில் கொழுவிக்கொண்டது. காலா சாறமா என்று யோசித்துக் காலை உள்ளே எடுத்தேன்.

"டிலானியக் கூப்பிடுறன்."

"கூப்பிட்டியோ, நான் இஞ்சயே இருந்திருவன்!"

அப்போதுதான் வாசல் கேற்றடியில் வான் ஒன்று ஹோர்ன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் செய்யாத வேலை.

புளியந்தீவு ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய அண்ணன், பின்னால் மாப்பிள்ளை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வருகிறவர்களை வரவேற்பது அவர் வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலை மூத்த மருமகனுடையது. வேறு ஆம்பிளை இல்லாத வீட்டில் நான் வாய் திறக்காவிட்டால் மரியாதையாக இருக்காது.

"வாங்க, வாங்க! இருங்க!" என்று கைகூப்பினேன்.

மூன்று பேரும் வலப்பக்கம் பார்த்தார்கள், இடப்பக்கம் பார்த்தார்கள், கடைசியில் மேலே பார்த்தார்கள்.

"தம்பி ஆரு?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"மூத்த மருமகன்," என்றார் மாமி. கொஞ்சம் யோசித்து, "தென்னையில வேலையா இருக்கார்," என்றும் சேர்த்துக்கொண்டார். (குடும்ப மானத்துக்காக மாமி சொன்ன அந்தப் பொய்யை நான் என்றும் மறக்கமாட்டேன்.)

"ஓம், குரும்பை பாக்கிறன். நல்லாப் பிடிச்சிருக்கு," என்றேன். உண்மைபோல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு குரும்பையாகத் தட்டியும் பார்த்தேன்.

நிழல் கிணற்றடியில்தான் என்பதால் கதிரைகளும் அங்கேதான் போட்டிருந்தன. எல்லோரும் என் காலடியில் அமர்ந்தார்கள். பேச்சை நான்தான் தொடங்க வேண்டும்.

"மாப்பிள்ளைக்கு வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?"

மேலேயிருந்து கேள்வி வந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. "நல்லாப் போகுது அண்ணன்."

"நல்லம், நல்லம். இருங்க."

கொஞ்ச நேரத்தில் மாமா கழுத்தைத் தடவினார். "தம்பி, கீழ வந்து கதைக்கலாமே. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து நோகுது."

"இந்தா, முடியப்போகுது மாமா."

அந்த நேரம் பார்த்து டிலானி தேநீர்த் தட்டோடு வந்தாள். நீலச் சாறி, தலையில் பூ. வந்தவர்களுக்குக் கொடுத்தாள், மாமிக்குக் கொடுத்தாள், அக்காவுக்குக் கொடுத்தாள். தட்டில் ஒரு கோப்பை மிஞ்சியது. நிதானமாக அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தான், உங்கட தேத்தண்ணி ஆறுது. இறங்குங்க."

"வாறன், வாறன். நீ வை."

"இறங்க ஏலாதா அத்தான்?"

அவள் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு மிசினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்டைக்கு நான் உங்களிட்ட என்ன சொன்னன்?"

"டிலானி, ஆக்கள் இருக்காங்க."

"இருக்கட்டுமே. கிளச் வயர் இழுக்கும். தள்ளுமா?"

குரும்பை ஒன்றை இன்னொரு தரம் தட்டினேன். "தள்ளாது," என்றேன்.

"மாமாவுக்குக் கேக்கல்ல. கொஞ்சம் பலமாச் சொல்லுங்க."

"தள்ளாது!"

அவள் சாறியை இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கையில் ஏறி, மிசினை ஸ்டார்ட் செய்து, பின்னால் எடுத்தாள். கிணற்றைவிட்டு விலகி, முற்றத்தை ஒரு சுற்று வந்தாள். கோயில் திருவிழாவில் சாமி வீதி வலம் வருவதுபோல நான் மேலேயே வந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் மிசின் நின்றது. டிலானி இறங்கி, மிசினுக்கு அடியில் கையை விட்டு, அந்தச் சின்னத் தண்டைப் பெருவிரலால் உள்ளே அமுக்கினாள்.

மெல்ல, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், நான் பூமிக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, ஆறிப்போன தேநீரை என் கையில் தந்தார். பிறகு டிலானியின் விரலிலிருந்த ஒயிலைத் தன் கைலேஞ்சியால் துடைத்தார். மாப்பிள்ளை கதிரையைவிட்டு எழுந்து வந்து டிலானியிடம் கேட்டார்.

"இத எனக்கும் காட்டித் தருவீங்களா?"

"லீவரில கை வைக்காட்டிக் காட்டித் தாறன்," என்றாள் டிலானி.

வான் கேற்றைத் தாண்டும் முன்பே சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனதும் மாமி என்னிடம் வந்தார்.

"தம்பி, மிசின் டிலானிக்கு."

"ஏத்தினது நான்தானே மாமி?"

"இறக்கினது ஆரு?"

வெளியே சிரித்தேன், உள்ளே நன்றாகவே வலித்தது. அன்று பின்னேரம் கிளச் வயரைத் திரும்ப என் மோட்டார் சைக்கிளில் பூட்டினேன். என் பெயரில் இருக்கும் ஒரே இரும்பு அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

நாலு வருடமாகிறது. எங்கள் வீட்டு வளவின் மறுபாதியில் டிலானி வீடு கட்டிவிட்டாள், மிசின் அங்கே நிற்கிறது. வயல் வேலைக்கு நான் போய்க் கேட்டு, அவள் தந்தால் எடுத்து வருவேன். அவள் கணவர் இன்றுவரை அந்த லீவரில் விரல் வைத்ததில்லை. அதனால் அவரை மாமி விசயம் தெரிந்த மருமகன் என்கிறார். புளியந்தீவு மாமா எந்த விசேட வீட்டில் என்னைக் கண்டாலும், பந்தல் நிறைந்த சனத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்பார்.

"தம்பிக்குத் தேத்தண்ணி மேலயா, கீழயா?"

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். போன கிழமை என் மகளின் பாடசாலையில், வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று டீச்சர் கேட்டாராம். அன்று இரண்டு வயதாக இருந்தவளுக்கு இப்போது ஆறு. எழுந்து நின்று, "அப்பா ஏறுவார். சின்னம்மா இறக்கி விடுவா," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பாதியை ஒருவரும் கவனிக்கவில்லை.