உருண்டு வந்த பீப்பாய்

லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் குந்தியிருந்து, தேசிய மகளிர் ஹொக்கி அணியின் கோல்கீப்பர் யசோதினி தன் கால்கவசங்களைத் தேய்த்துக் கழுவுகிறாள். ஒரு மாத வியர்வை; நாற்றம் ஹாலிஎல வரைக்கும் போகும். கவசத்தின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை. ஆனால் அவளைக் கண்டெடுத்தவர்கள் மட்டும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபது பேர்.

கண்டெடுத்தவர்! வாசகரே, இந்த இனத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அடையாளம் சுலபம். யாராவது ஜெயித்த மறுநாள் சலவைச் சட்டை போட்டிருப்பார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார். என்றைக்கு? அது அவருக்கே தெரியாது.

ஓய்வுபெற்ற கங்காணி வீரய்யாவைப் பாருங்கள். ஒன்பது வயதில் யசோதினி, மேட்டிலிருந்து உருண்டு வந்த கையளவுத் தோடம்பழத்தைக் காலால் மறித்தாளாம். அப்போதே இவர் கண்டுகொண்டாராம். அவள் மாவட்ட அணியில் இருந்தவரை அது தோடம்பழம். மாகாண அணிக்குப் போனதும் பலாப்பழமாயிற்று. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறிய அன்று தார்ப் பீப்பாய். இனி உலகக் கிண்ணம் என்றால் லொறிதான் உருள வேண்டும். இதே வீரய்யாதான் அவள் முதன்முதலில் மட்டை தூக்கியபோது, "பொட்டப் புள்ளைக்கு எதுக்குப்பா கம்பு வெளயாட்டு?" என்று அவள் அப்பாவை மடக்கியவர். ஒருமுறை வெளிநாட்டில் ஏழு கோல் வாங்கித் திரும்பினாள். அந்த வாரம் அவளை யாருமே கண்டெடுத்திருக்கவில்லை.

இன்று ஞாயிறு. அவள் வீட்டுக் காம்பராவில் கண்டெடுத்தவர்கள் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். பீப்பாய் மூன்றாம் தடவை உருண்டு முடிந்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யசோதினி ஒரு தாளோடு வீரய்யாவிடம் வருகிறாள்.

"மாமா, நம்ம ஸ்கூல் புள்ளைங்க பதினாலு பேரு. சனிக்கெழம சனிக்கெழம பதுளைக்கு ப்ரெக்டிஸ் போகணும். கூடப் போக ஒரு பெரியாளு கையெழுத்துப் போட்டாத்தான் பிரின்ஸிபல் விடுவாரு. நாளைக்குக் குடுக்கலேன்னா டீமே இல்ல. நான் விடியக்காலம் கொழும்புக் கேம்புக்குப் போறேன்."

"சனிக்கெழமையா? அன்னைக்குத்தாம்மா முழங்காலு வலிக்கும்."

"போன மாசம் கதிர்காமத்துக்கு நடந்து போயிட்டு வந்தீங்களே?"

"அந்த வலிதாம்மா இது."

அவளுக்கு முதல் பந்து விற்ற பெருமைக்காரர், கடைக்காரர் காமில் நானா. அவரைப் பார்க்கிறாள்.

"கடய யாருக்கிட்ட உட்டுட்டு வாறது, மகள்? கேட்டா இன்னொரு பந்து தாறேன்."

"பந்து இருக்கு நானா. ஆளுதான் இல்ல."

சுவரில் தொங்கும் பதக்கத்தை எல்லோரும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? அப்புத்தளை பஸ்ஸில் ஒருநாள் அவளுடைய மட்டையை மடியில் வாங்கி வைத்திருந்ததாக, போன வாரம் ஆபீசில் பத்துப் பேரிடம் சொன்னது யார்? அவளுக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது. தாளை உங்கள் பக்கம் நீட்டுகிறாள்.

"நீங்களாவது வாறீங்களா?"

இந்தாருங்கள் பேனா. அட, எங்கே எழுந்துவிட்டீர்கள்? செருப்பு அந்தப் பக்கம். அவசரத்தில் இடறி விழாதீர்கள். வாசலில் கால்கவசம் காய்கிறது.