ஊசிக்குக் கிளினிக் பார்க்கிறவர்

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லவேண்டும். இவர்கள் ஊசிக்கு நல்ல கிளினிக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தவள் நான். ரயில் நேரத்துக்கு வராத ஊரைப் பார்த்திருக்கிறேன், குழாயில் தண்ணீர் வராத ஊரைப் பார்த்திருக்கிறேன், இவர் இல்லாத ஊரை மட்டும் பார்த்ததில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்தி, குரலைத் தாழ்த்தி, "ஊசி போடறாங்களே, அதுக்கு நல்ல இடம் எது? ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்" என்பார். அந்த நண்பரின் உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போன் அடித்தவுடன் எடுக்கும் கிளினிக்கா? வேண்டாம், "ஈ ஓட்டறாங்க போல." எடுக்கத் தாமதமா? அதுவும் வேண்டாம், "இப்பவே எடுக்கல, நாளைக்கு வாந்தி வந்தா எடுப்பாங்களா?" டாக்டர் குண்டாக இருந்தால் அவருக்கே வேலை செய்யவில்லை, ஒல்லியாக இருந்தால் நம் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா, கணையத்தில் கோளாறு வந்ததுண்டா என்று விவரமாகக் கேட்டால் போலீஸ் விசாரணை. ஒன்றுமே கேட்காவிட்டால், "தெருவிளக்குக் கம்பத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒண்ணு போட்டு அனுப்புவாங்க." இது ஒன்றுதான் நியாயமான பேச்சு. ஆனால் அவர் கைக்கு வந்தால் நியாயமும் ஒரு சாக்காகிவிடும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் என் மாமாவுக்குப் போட்டியே இல்லை. மாமா தையல்காரர். கடையில் அவர் துணி வெட்ட, அத்தை தைப்பார். முன்பெல்லாம் மாமாவும்தான் தைத்துக்கொண்டிருந்தார். முட்டி போனபிறகு அவரால் மெஷினில் உட்கார முடியவில்லை. எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: எடை குறைந்தால்தான் ஆபரேஷன். அத்தை தனியாகத் தைத்து எத்தனை நாள் கடையை ஓட்டுவது?

எனவே மாமா கிளினிக் தேடினார். தேடினார் என்றா சொன்னேன்? கடையில் நின்ற இடத்திலேயே ஆராய்ச்சி செய்தார். ஊசி போட்டு இளைத்தவர்கள் எங்கே வருவார்கள்? தொளதொளத்த பேண்ட்டைப் பிடித்துத் தைக்கத் தையல் கடைக்குத்தானே! வருகிறவர் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "எந்த கிளினிக்?" என்று கேட்பார். நிறைய பிடிக்கவேண்டியிருந்தால் அந்த கிளினிக் மேலே ஏறும். பிடித்த பேண்ட்டையே மறுபடி பிரித்துவிடச் சொல்லி யாராவது வந்தால் அந்த கிளினிக் ஒரே நாளில் தரைமட்டம். கொஞ்ச நாளில் தைக்கத் துணி கொண்டுவராமல், தகவல் கேட்க மட்டுமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் போனார், இளைத்தார். வேன் டிரைவர் போனார், இளைத்தார். மாமா? ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

"எதிர்லயே ஒண்ணு இருக்கு. அங்க போனா என்ன?" என்றார் அத்தை. உண்மைதான், கடை வாசலில் நின்றால் அதன் போர்டு தெரியும்.

"எதிர்ல இருக்கறது நல்லதா இருந்தா எல்லாரும் ஏன் அவ்வளவு தூரம் போறாங்க?"

"அவங்க வீடு அங்க இருக்கு, அதனால போறாங்க."

மாமா ஒரு குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். பதில் இல்லாத நேரங்களில் அவர் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும்.

ஒருநாள் பேக்கரிக்காரர் அதே பேண்ட்டை மறுபடியும் பிடிக்கக் கொண்டுவந்தார். "எல்லாம் உங்க புண்ணியம்ண்ணே. ஆமா, நீங்க எங்க போட்டுக்கறீங்க?"

மாமா மேஜைமேல் குண்டூசியைத் தேடினார். அதற்குள் அத்தை குண்டூசி டப்பாவை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டார். பிறகு, மாமாவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, பின்னாலிருந்து அவர் வயிற்றைச் சுற்றினார். ஊருக்கெல்லாம் அளவெடுத்த டேப் முதல்முறையாக அவரையே சுற்றிவந்தது. இரண்டு முனைகளும் முன்பக்கம் வந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தொட்டுக்கொள்ளவில்லை.

"என்னடி, ஆளுங்க முன்னாடி..."

"பேண்ட்டுக்கு எடுக்கல, முட்டிக்கு எடுக்கறேன். என்னால ஒத்தையா இழுக்க முடியல. கடையை மூடறதா, ரோட்டைத் தாண்டறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். கூரையில் ஓடிய மின்விசிறியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ரோட்டைத் தாண்டினார். எதிர்க் கிளினிக் டாக்டரம்மா சாவகாசமாக எல்லாம் கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார், ஊசி மட்டும் போதாது, சாப்பாட்டையும் பார்க்கவேண்டும் என்று பயமுறுத்தினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "உங்ககிட்ட வர்றவங்க யாரும் இதுவரைக்கும் என் கடைக்கு பேண்ட் பிடிக்க வரலையே, ஏம்மா?"

"நான்தான் அனுப்பல. எதிர்லயே இருக்கற கடை நல்லா தைக்குமான்னு ஒரு சந்தேகம்."

இப்போது டேப்பின் முனைகள் தொட்டுக்கொள்கின்றன. கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்கின்றன. டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு கடையில் தைக்கக் கிடக்கிறது. எலும்பு டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். அத்தையின் பக்கத்து மெஷினுக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் அந்த எதிர்க் கிளினிக்கின் பெயர் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று ஒருதடவை மேலே கண்ணை ஓட்டினீர்கள் பாருங்கள், அது எதற்காக?

நண்பருக்காகத்தானே?