சரணடைந்தால் விடுமுறை

"இது எதிரி எழுதின மாதிரி இல்லையே. மாமனாருக்கு எழுதின மாதிரி இருக்கு" என்று தாளை மேஜைமேல் போட்டார் கேப்டன்.

முகாமின் தலைமை எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். திங்கட்கிழமை போர்ப் பயிற்சி. நீல அணி இந்த முகாம். சிவப்பு அணி ஆற்றுக்கு அந்தப் பக்கம். சிவப்பு அணி வீசியதுபோல ஒரு துண்டுப் பிரசுரம் வேண்டும். அதைப் படித்தும் நீல அணி மனம் கலங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் எழுதியிருந்தது இதுதான்: 'மதிப்பிற்குரிய வீரர்களே, தயவுகூர்ந்து சரணடையுமாறு கேட்டுக்கொள்கிறோம். நகல்: கோப்பிற்கு.'

"படிச்சா வயிறு எரியணும்யா. வயித்தெரிச்சல்னா என்னன்னு தெரியுமில்ல?" என்றார் கேப்டன்.

தெரியாமல் என்ன. காலையில்தான் மனைவி போனில் பேசியிருந்தாள்.

"வர்ற வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருந்தாத்தான் செய்வேன்னுட்டார் டாக்டர். ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு."

"ஏழு மாசம் முன்னாடியே லீவு எழுதிக் குடுத்துட்டேன்மா. மேல தூங்குது."

"மேல கேட்டது போதும். எதிரிகிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வாங்க."

எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் மின்விசிறி ஆடும், ஜன்னல் ஆடும், அலமாரி ஆடும். ஆடாதது அவர் மேஜை ஒன்றுதான். அதில் முழங்கையை ஊன்றி ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

'நீல அணி வீரனே, உன் பூட்ஸ் வாய் பிளந்து உன்னைப் பார்த்தே சிரிக்கிறது. உன் சூப்பில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். உன் விடுமுறை விண்ணப்பம் ஏழு மாதமாகக் கர்னலின் மேஜையில் குறட்டை விடுகிறது. எங்களிடம் வா. சரணடைந்த அன்றே விடுமுறை.'

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு அச்சுக்கும் அனுப்பினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. நாற்பது பேர் குளித்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, வரிசையாகப் பாலத்தைக் கடந்து சரணடைந்தார்கள்.

"மறுப்பு எழுதுய்யா, உடனே" என்று ஓடிவந்தார் கேப்டன்.

எழுத்தர் எழுதினார். ஆனால் அவருக்குப் பொய் எழுத வராது. 'பூட்ஸ் பற்றி எதிரி சொல்வது கொஞ்சம் மிகை. சூப் விசாரணையில் உள்ளது. விடுமுறை பற்றி மறுப்பதற்கு ஒன்றுமில்லை.'

மதியத்துக்குள் இன்னும் அறுபது பேர் போனார்கள். சமையல்காரர் அண்டாவோடு போனார். நடக்க முடியாதவர்களுக்காக லாரி ஓட்டுநர் இரண்டு நடை அடித்தார்.

மூன்று மணிக்குக் கர்னலே எழுத்தர் அறைக்கு வந்துவிட்டார். பின்னால் நின்ற கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. துப்புரவு அக்கா மட்டும் மூலையில் தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எழுதினது பூரா பொய்னு மன்னிப்புக் கடிதம் எழுது. இப்பவே" என்றார் கர்னல்.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல் முறையாக எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். மனைவியின் கண்தான் முன்னால் நின்றது.

"எழுத மாட்டேன் சார்."

"என்னது?"

"எந்த வரி பொய்னு காட்டுங்க. அந்த வரிக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்."

கர்னல் பிரசுரத்தைப் படித்தார். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"லீவு விஷயம் பொய். என் மேஜைக்கு ஒரு விண்ணப்பமும் வரல."

"நூத்திப்பத்து விண்ணப்பம் சார். என்னோடதையும் சேர்த்து என் கையால பச்சை நாடா போட்டுக் கட்டினேன். மேல போன கட்டை முழுங்கினது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

கர்னல் கோபக்காரர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். சற்று யோசித்தார்.

"சரி. நாளைக்கே எல்லாருக்கும் லீவு. ஆனா அந்தக் கட்டை முடக்கினவன் எவனா இருந்தாலும், அவனுக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு லீவே கிடையாது. உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்."

"வாய்ப்பேச்சு வேணாம் சார். எழுத்துல குடுங்க."

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தரே உத்தரவைத் தட்டச்சு செய்தார். 'எக்காரணம் கொண்டும் விலக்கு இல்லை' என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்தார். கர்னல் அதே மேஜையில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட, எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேஜை இம்மியும் அசையவில்லை.

துப்புரவு அக்கா துடைப்பத்தை மேஜைக்கடியில் விட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"பச்சை நாடாக் கட்டுன்னா இதுதானே சார்? மேஜை ஆடுதுன்னு, கையில கிடைச்சதை எடுத்துக் குடுத்து, இந்தக் காலுக்கு முட்டு வைக்கச் சொன்னது நீங்கதானே?"